லாக்ஸ்டன்: பாரிஷ் வேறு, மேனர் வேறு

கேள்வி | 18 நவம்பர், இரவு 9:12

இங்கிலாந்தில் நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்றொரு ஊர். வேலி போடாத மூன்று பெரிய வயல்களை இன்னமும் பழைய சுழற்சி முறையிலேயே பயிரிடுகிறார்கள். இதை நடத்துவது அந்த ஊரின் சிவில் பாரிஷ் கவுன்சில். ஆயிரம் வருடமாக ஓடும் ஊர்ப் பஞ்சாயத்து இது என்பது என் வாதம். மறுப்பவர்கள் விவரத்தோடு மறுக்கவும். இன்னொரு சந்தேகம்: சிவில் பாரிஷைத் தமிழில் 'பங்கு' என்று எழுதலாமா?

பதில் | 18 நவம்பர், இரவு 10:40

மூன்று வயல், சரி. சுழற்சி, சரி. பாரிஷ் கவுன்சில் நடத்துகிறது என்பது தவறு. வயலை நடத்துவது மேனரின் நீதிமன்றம், அதற்கு 'கோர்ட் லீட்' என்று பெயர். கவுன்சிலும் கோர்ட்டும் ஒரே ஊரில் இருக்கின்றன, ஆனால் வேர் வேறு. பாரிஷ் என்பது வரிக்கும் ஏழைகள் பராமரிப்புக்கும் போட்ட எல்லை. மேனர் என்பது நிலத்துக்கும் அதில் உழுபவர்களுக்கும் உள்ள உறவு. ஒரே மண்மேல் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்த மாதிரி.

ஆயிரம் வருடமும் நிற்காது. 'சிவில் பாரிஷ்' சட்டப்படி பிறந்தது 1866இல், பாரிஷ் கவுன்சில் 1894இல்.

'பங்கு' வேண்டாம். பங்கு, பங்குத்தந்தை, பங்குப் பேரவை எல்லாம் கத்தோலிக்கர் வழக்கில் திருச்சபைப் பாரிஷுக்கு ஊன்றிவிட்ட சொற்கள். சிவில் பாரிஷ் அதிலிருந்து பிரிந்து வந்தது, பிரிந்ததுதான் விஷயமே. பாரிஷ் என்றே எழுதுவது குழப்பம் தராது.

பதில் | 19 நவம்பர், காலை 6:55

நேற்று ஆண்டுகளைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை.

1538இல் ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதுவரை கோயில் சம்பந்தப்பட்டதாக இருந்த எல்லை அங்கே அரசு வேலைக்கு இழுக்கப்படுகிறது. 1601 ஏழைகள் சட்டம் இன்னும் பெரிய திருப்பம். பாரிஷுக்குள் நிலமோ வீடோ அனுபவிப்பவர்களிடம் வரி வசூலித்து, அதே பாரிஷின் ஏழைகளைப் பராமரிக்க வேண்டும். வசூலிப்பவர் ஓவர்சீயர். (நம்மூரில் ரோடு வேலை பார்க்கும் ஓவர்சீயருக்கும் இவருக்கும் சொல் ஒன்று, வேலை வேறு.) 1662இல் குடியிருப்புச் சட்டம்: புதிதாக வந்தவர் ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகையில் இருந்தால், வந்த 40 நாளுக்குள் புகார் கொடுத்து அவருடைய சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம்.

இதற்குப் பிறகு எல்லைக்கோடு சோற்றுப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரு குடிசை ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து, ஒரு விதவைக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்பது மாறும். அதனால்தான் பாரிஷ்காரர்கள் வசந்த காலத்தில் எல்லை நெடுகச் சிறுவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, கல்லையும் மரத்தையும் கோலால் தட்டிக் காட்டுவார்கள். அறுபது வருடம் கழித்துச் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே. 19ஆம் நூற்றாண்டில் ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) அளக்க வந்தபோதும், எல்லை தெரிந்த உள்ளூர் ஆட்களை 'மியர்ஸ்மென்' என்று நியமித்து அவர்களை முன்னே நடக்கவிட்டுத்தான் கோடு போட்டார்கள்.

1866 சட்டம் சொன்னது சின்ன விஷயம்: தனியாக ஏழை வரி வசூலிக்கும் இடம் எதுவோ அதுவே பாரிஷ். கோயில் எல்லை இனி தன் போக்கில் மாறலாம், வரி எல்லை தன் போக்கில் நிற்கும். 1894இல் கிராமப்புற பாரிஷ்களில் 300 பேருக்கு மேல் இருந்தால் கவுன்சில், குறைவாக இருந்தால் ஊர்க்கூட்டம் என்று வந்தது.

லாக்ஸ்டனின் இன்றைய முழுப் பெயர் 'லாக்ஸ்டன் அண்ட் மூர்ஹவுஸ்'. 1974 ஏப்ரல் 1 முதல் நியூவர்க் அண்ட் ஷெர்வுட் மாவட்டத்தில். பொதுவாகப் பாரிஷ் கவுன்சில்கள் பார்ப்பது நடைபாதை, விளக்கு, பேருந்து நிழற்குடை, இடுகாடு மாதிரி வேலைகள். செலவுக்கு ஒரு தொகையைக் கேட்கும், மாவட்டம் அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துத் தரும். கோதுமை எப்போது விதைப்பது என்பதில் கவுன்சிலுக்கு வாயே கிடையாது.

கேள்வி | 19 நவம்பர், மதியம் 1:20

சரி, ஊர் எங்கே இருக்கிறது, மண் எப்படி? லாக்ஸ்டன் என்று தேடினால் இரண்டு மூன்று வருகிறது.

பதில் | 19 நவம்பர், இரவு 8:05

நார்தாம்ப்டன்ஷயரில் ஒன்று, யார்க்ஷயரின் கிழக்கில் ஒன்று, நமக்கு வேண்டியது ஆலர்ட்டனுக்கும் டக்ஸ்ஃபர்டுக்கும் இடையில் இருப்பது. ஆர்ட்னன்ஸ் சர்வே கட்டத்தில் எஸ்கே 72 67.

மண் செங்களி. பழைய நிர்வாகப் பிரிவிலேயே களி இருக்கிறது: பாசட்லா வேப்பன்டேக்கின் 'சவுத் க்ளே' பகுதி என்றுதான் இந்த வட்டாரத்துக்குப் பெயர். (வேப்பன்டேக் நார்ஸ் மொழிச் சொல். டேனியர் ஆண்ட பகுதிகளில் மாவட்ட உட்பிரிவுக்கு வழங்கியது.) இந்தக் களி ஈரத்தில் உழுதால் சேறாக அப்பிக்கொள்ளும், காய்ந்தபின் உழுதால் கட்டிகட்டியாகப் பெயரும். உழவுக்கு ஏற்ற பதம் சில நாள்தான் நிற்கும். எந்த நாளில் யார் ஏர் பூட்டுவது, யார் நிலத்தின் வழியாக யார் போவது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கட்டு இல்லாமல் இந்த மண்ணில் துண்டு துண்டாக விவசாயம் பண்ண முடியாது.

வீடுகள் வயலுக்கு நடுவே சிதறிக் கிடக்காது. ஊர்த்தெரு நெடுகப் பண்ணைவீடுகள் அடுத்தடுத்து, பலவும் பக்கச்சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கும். ஒவ்வொரு பண்ணையின் நிலமும் மூன்று வயல்களிலும் பரவிக் கிடப்பதால், ஊர் நடுவில் இருப்பதுதான் எல்லோருக்கும் சம தூரம். வேலி அடைத்துப் பிரித்துக்கொண்ட ஊர்களில் பண்ணைவீடு நிலத்துக்கு நகர்ந்துபோயிற்று. இங்கே நகரவில்லை.

ஊரின் வடக்கே மண்மேட்டுக் கோட்டை. கல் எதுவும் மிஞ்சவில்லை, மேடும் அகழியும் தெளிவாக நிற்கின்றன. ஷெர்வுட் காட்டின் காவல் அதிகாரம் நடந்த இடம் அது. 1086இல் அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் இந்த ஊர் ஜெஃப்ரி அல்செலின் கையில் இருக்கிறது.

பதில் | 21 நவம்பர், காலை 7:30

இனி வயல். மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். ஒரு வயலில் இந்த வருடம் குளிர்காலக் கோதுமை என்றால், அடுத்த வருடம் அதே வயலில் வசந்தப் பயிர் (பார்லி, பட்டாணி, அவரை வகை), மூன்றாம் வருடம் ஆறப் போடுவது. இப்போது ஆறப் போடும் வயலில் தீவனப் புல் எடுக்க விடுகிறார்கள், ஆனால் சுழற்சி மாறாது. எல்லோரும் சேர்ந்து சுழல வேண்டும் என்பதே முறையின் உயிர். உன் துண்டில் நீ மட்டும் வேறு பயிர் போட்டால், அறுப்பு முடிந்து தாளில் ஆடு இறங்கும் நேரத்தில் உன் பயிர் நடுவில் நிற்கும்.

ஒரு துண்டின் கணக்கு: நீளம் ஒரு ஃபர்லாங், அதாவது 220 கஜம். அகலம் ஒரு சங்கிலி, 22 கஜம். பெருக்கினால் 4,840 சதுர கஜம், ஒரு ஏக்கர். நம் பழைய புலப்படங்களில் 'லிங்க்ஸ்' என்று அளவு போட்டிருக்கிறதே, அது இதே 66 அடிச் சங்கிலியின் நூறில் ஒரு கண்ணி. எட்மண்ட் கன்டர் 1620 வாக்கில் வடிவமைத்தது. ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலி சதுரம் பத்து சென்ட். இங்கிலாந்து ஏக்கரும் நம் சென்ட்டும் ஒரே இரும்பில் அடித்தவை.

துண்டுகள் நேராக இருக்காது, தலைகீழ் 'எஸ்' மாதிரி மெல்ல வளையும். எட்டு மாடு பூட்டிய ஏர் நீளமானது. துண்டின் முனைக்கு வந்தபின் திருப்பினால் திரும்பாது, கொஞ்சம் முன்னாலிருந்தே ஒடிக்க வேண்டும். அந்த ஒடிப்பு தலைமுறை தலைமுறையாக மண்ணில் பதிந்துவிட்டது.

நடு உயர்ந்து, ஓரம் தாழ்ந்த மேட்டுப்பார் எப்படி வருகிறது என்றும் பலர் கேட்பார்கள். அந்தக் கலப்பையின் பலகை அசையாதது, மண்ணை எப்போதும் வலப்பக்கம்தான் புரட்டும். துண்டின் நடுவில் முதல் சாலைத் தொடங்கி, முனையில் வலப்பக்கமாகத் திரும்பி, முதல் சாலுக்கு மறுபுறம் இறங்கி வந்தால், போகும்போதும் வரும்போதும் மண் நடுவை நோக்கியே விழும். இப்படியே வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி உழுதால் வருடா வருடம் நடு ஏறும், ஓரச்சால் ஆழமாகும். அந்த ஓரச்சால்தான் வடிகால். களிமண்ணில் துண்டுகளைச் சரிவு வாக்கில் போட்டது இதற்காகவே. கீழ்முனையில் இருப்பவர் ஓடையைத் தூர்வாராவிட்டால், மேலே உள்ளவரின் கோதுமை வேர் அழுகும். இரண்டு பேர் சண்டையாக விட்டால் தீராது, ஊர்க்கட்டாக வேண்டும். கோர்ட் பார்க்கும் முக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று.

இடைக்குறிப்பு | 21 நவம்பர், மதியம் 12:10

ஏக்கர் கணக்கைப் படித்துவிட்டு லாக்ஸ்டனில் எல்லாத் துண்டும் ஒரு ஏக்கர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இலக்கணம். மண் சரிவுக்கும் ஓடைக்கும் ஏற்ப நீள அகலம் மாறும்.

கேள்வி | 24 நவம்பர், இரவு 9:50

கோர்ட் லீட் நிஜக் கோர்ட்டா, வேஷம் போடும் சடங்கா? இங்கிலாந்தில் சில ஊர்களில் தொப்பி போட்டுக்கொண்டு பீர் ருசி பார்ப்பதை இதே பெயரில் நடத்துகிறார்களே.

பதில் | 25 நவம்பர், காலை 6:40

நிஜக் கோர்ட். 1977 நீதி நிர்வாகச் சட்டத்தில் நாட்டிலிருந்த கோர்ட் லீட்களின் வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை எடுத்தார்கள். அப்போது பெயர் சொல்லி விலக்கியவை இரண்டே: வேல்ஸில் டென்பியின் எஸ்ட்ரே கோர்ட் (வழிதவறிய கால்நடைகளுக்கானது), லாக்ஸ்டன் மேனரின் கோர்ட் லீட். அபராதம் விதிக்கிறது, வசூலிக்கிறது.

நடப்பு இப்படி. நவம்பர் கடைசியில் ஜூரி நாள். ஜூரர் 12 பேர், அவர்களுக்கு ஒரு தலைவர். காலையில் கூடி, டிராக்டர் டிரெய்லரில் ஏறி, அந்த வருடம் கோதுமை விதைத்த வயலுக்குப் போவார்கள். மூன்று வயலையும் பார்ப்பதில்லை, விதைத்த வயல் ஒன்றுதான். அப்படியானால் ஒவ்வொரு வயலுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை எல்லை புதுப்பிக்கப்படுகிறது.

பார்ப்பது மூன்று விஷயம். உழவு பொதுப்பாதைக்குள் ஏறியிருக்கிறதா? ஓரத்துப் புல்தரையைத் தின்றிருக்கிறதா? வடிகால் சுத்தமாக இருக்கிறதா? எல்லை எங்கே என்று வயதானவர்கள் குறி வைத்துச் சொல்ல, அந்த இடத்தில் சின்னக் குழி தோண்டி மரமுளை அடிப்பார்கள். முளை போன சுழற்சியில் அடித்தது மக்கிப் போயிருக்கும், அல்லது கலப்பையில் மாட்டிப் பெயர்ந்திருக்கும். பழைய குழியின் மண் நிறத்தை வைத்தும், எதிர் முனை முளையோடு கோடு பிடித்தும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்மூரில் வரப்பை வருடா வருடம் ஒரு மண்வெட்டி அளவு அரிப்பவர்களைத் தெரியும் அல்லவா, அதே வியாதிதான். டிராக்டரில் ஒரு சால் தள்ளி ஓட்டினால் ஓரடி போய்விடும். மூன்று சுழற்சி கவனிக்காமல் விட்டால் பாதையே காணாமல் போகும்.

ஒரு வாரம் கழித்துக் கோர்ட். டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் கூடுகிறது. ஸ்டூவர்ட் (மேனரின் நிர்வாகி) தலைமை. ஜூரி எழுதிவந்த தவறுகளைப் படிப்பார்கள், அபராதம் தீர்மானிப்பார்கள். அடுத்த ஆண்டு கோதுமைக்கு வரப்போகும் வயலுக்கான ஜூரி அங்கேயே பதவி ஏற்கும். தொகை சிறியது, ஆனால் ஊருக்கு முன்னால் பெயர் படிக்கப்படுவது சிறியது இல்லை.

வயலுக்குள் ஏர் இறங்காத ஈர ஓடைப்புறங்களும் உண்டு, 'சைக்' என்பார்கள். அதன் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். எப்போதும் உழாததால் அபூர்வமான புல்வெளிச் செடிகள் தங்கியிருக்கின்றன. சைக்குகள் அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாகப் பாதுகாக்கப்பட்டவை. ஜூரி முளை அடிக்கும்போது காப்பது இதையும்தான்.

கேள்வி | 26 நவம்பர், காலை 10:15

தெரு மாட்டை அடைக்கும் பட்டி அங்கேயும் உண்டா?

பதில் | 26 நவம்பர், காலை 11:00

உண்டு, 'பின்ஃபோல்ட்' என்பார்கள். காப்பவர் 'பிண்டர்', கோர்ட் நியமிக்கும் பதவி. தென்மாவட்டங்களில் 'மாட்டைப் பவுண்டுல அடைச்சிட்டாங்க' என்பது 1871 கால்நடை அத்துமீறல் சட்டம் வழியாக வந்த அதே ஏற்பாட்டின் ஆங்கிலச் சொல். வேலி இல்லாத வயலில் ஒரு மாடு அவிழ்ந்தால் நாற்பது துண்டை மிதிக்கும். பிண்டர் இல்லாமல் திறந்த வயல் ஒரு பருவம்கூடத் தாங்காது.

பதில் | 29 நவம்பர், இரவு 10:25

இங்கே மட்டும் ஏன் மிஞ்சியது? இதற்கு எனக்கு முதலில் தோன்றிய பதில், ஊர்க்காரர்களின் பிடிவாதம் என்பது. யோசித்துப் பார்த்தால் அது பாதிகூட இல்லை.

1604 முதல் 1914 வரை திறந்த வயலை வேலி போட்டுப் பிரிக்கும் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள், ஏறக்குறைய 68 லட்சம் ஏக்கர். அவ்வளவு ஊர்களிலும் பிடிவாதக்காரர்கள் இருந்தார்கள், தோற்றார்கள். ஒரு ஊரை அடைக்கச் சட்டம், அளவை, வேலி என்று பெரிய செலவு. பெரிய நிலக்காரர்கள் ஒத்துப்போக வேண்டும். லாக்ஸ்டனில் ஏர்ல் மான்வெர்ஸும் ஏர்ல் ஆஃப் ஸ்கார்பரோவும் நிலத்தைப் பரிமாறிக்கொள்வதில் ஒத்துப்போகவில்லை. கைகூடும் காலம் வந்தபோது ஆர்வம் போய்விட்டது. 1952இல் மான்வெர்ஸ் குடும்பம் விற்க, விவசாய அமைச்சகம் இந்த முறையைக் காப்பதற்காகவே வாங்கியது. 1981இல் அரச உடைமைகளை நிர்வகிக்கும் க்ரவுன் எஸ்டேட்டுக்கு, 2020இல் தோர்ஸ்பி செட்டில்மென்ட்டுக்கு. தோர்ஸ்பி மான்வெர்ஸ் குடும்பத்தின் பழைய இருப்பிடம், ஆகவே நிலம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறது. ஆக, உடைமையாளர்கள் பிரிந்து நின்ற காலமும் ஒற்றை உடைமையாளர் காக்க நினைத்த காலமும் அடுத்தடுத்து அமைந்தன. ஊர்க்காரர்களின் பங்கு அதற்குள் இருக்கிறது: குத்தகைதாரர்கள் ஜூரிக்கு வராமல் இருந்திருந்தால் அமைச்சகம் வாங்கியும் பயன் இல்லை.

டெவனில் பிரான்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் தீவு ஆகிய இடங்களிலும் திறந்த வயல் மிச்சம் உண்டு. சுழற்சியைக் கட்டிக்காக்கும் கோர்ட் உள்ளது இங்கேதான்.

பதில் | 2 டிசம்பர், காலை 7:10

லாக்ஸ்டனின் 1635 நிலப்படத்தை ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். சர் வில்லியம் கோர்ட்டனுக்காக மார்க் பியர்ஸ் வரைந்தது, ஆக்ஸ்ஃபர்ட் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. துண்டு துண்டாக அனுபவிப்பவர் விவரத்தோடு கூடிய ஏடும் உண்டு. படத்தின் ஓரத்தில் ஏர், அறுப்பு, மேய்ச்சல் காட்சிகள்.

அதைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் துண்டுகளை இன்றைய வான்படத்தில் தேடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வயலின் ஓரங்கள் அடைக்கப்பட்டு, மிஞ்சியவை குறைந்த எண்ணிக்கையில் பெரிய துண்டுகளாகச் சேர்க்கப்பட்டன. படத்திலுள்ள கிழக்கு வயல் இன்றைய மூன்றில் இல்லை. வயலும் சுழற்சியும் பழையவை, துண்டின் அளவு பழையது அல்ல. 'ஆயிரம் வருடமாக மாறாதது' என்று எழுதும் பத்திரிகைகள் இங்கேதான் சறுக்குகின்றன.

கேள்வி | 2 டிசம்பர், இரவு 9:30

அமெரிக்காவின் லெக்ஸிங்டன் இந்த ஊர்ப் பெயர்தான் என்கிறார்களே? லாக்ஸ்டன் ஆப்பிளும்?

பதில் | 3 டிசம்பர், காலை 6:50

ஊரின் பழைய வடிவங்களில் லெக்ஸிங்டன் உண்டு. 13ஆம் நூற்றாண்டு நீதிபதி ராபர்ட் டி லெக்ஸின்டன் குடும்பம் இந்த ஊர்ப் பெயரைத் தாங்கியது. மாசசூசெட்ஸ் ஊருக்குப் பெயர் வந்த வழி பற்றி வாதம் இருக்கிறது. ஆப்பிளுக்கு வந்தது பெட்ஃபர்ட் நாற்றங்கால்காரர்களின் குடும்பப் பெயர், அது இந்த வயல்களில் விளைந்தது அல்ல.

பதில் | 5 டிசம்பர், இரவு 8:45

ஆவணம் தேடுபவர்களுக்கு: பாரிஷ், மேனர் வித்தியாசத்தை மறந்தால் தவறான அலமாரியில் கை போகும். ஞானஸ்நானம், அடக்கம், ஏழை வரி, ஓவர்சீயர் கணக்கு எல்லாம் பாரிஷ் ஆவணம். நாட்டிங்காம்ஷயர் ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும். துண்டு கைமாறியது, அபராதம், கோர்ட் பதிவு எல்லாம் மேனர் ஆவணம்; நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கையெழுத்துப் பிரிவில் மான்வெர்ஸ் தொகுப்பில் பாருங்கள். 1836க்குப் பிந்தைய தசமபாகப் படங்கள் (விளைச்சலில் பத்தில் ஒன்றாகத் தேவாலயத்துக்குக் கொடுத்த வரிக்காக வரைந்தவை) இரண்டுக்கும் நடுவில் நிற்பவை, பாரிஷ் எல்லைக்குள் நில அனுபவத்தைக் காட்டும். மூர்ஹவுஸ் குடும்பம் என்றால் லாக்ஸ்டன் தலைப்பின்கீழும் தேடுங்கள், பாரிஷ் ஒன்றுதான்.

தேவாலயத்துக்குள் போனால் ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் படுத்த உருவத்தைத் தேடுங்கள். எவரிங்காம் குடும்பத்தைச் சேர்ந்தது. 1860இல் கட்டடத்தைப் பெருமளவு திருத்திக் கட்டினார்கள், அது தப்பியது.

கேள்வி | 7 டிசம்பர், காலை 9:05

போகிற அன்று எந்த வயல் எந்த முறையில் இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பதில் | 7 டிசம்பர், காலை 9:40

முடியும், டிசம்பரில் போனால் சுலபம். துண்டின் முனையில் வெட்டுவாய் வெளிறிய புது முளையும், சுற்றிலும் புதிதாகக் கிளறிய செங்களியும், பின்னால் விரலளவு பச்சையும் தெரிந்தால் அது கோதுமை வயல், ஜூரி இப்போதுதான் போயிருக்கிறது. முளை கறுத்துப்போய் முன்னால் அறுத்த கோதுமைத் தாளோ, அதை மடக்கி உழுத வெறும் மண்ணோ இருந்தால் அடுத்த வசந்தத்தில் பார்லி, பட்டாணி. முளை பாதி மக்கிச் சாய்ந்திருந்தால் ஆறப்போடும் முறைக்குப் போகும் வயல். அடுத்த நவம்பரில் புது முளை அடிப்பது அங்கே அல்ல, இப்போது ஆறி முடிந்து கோதுமைக்குக் காத்திருக்கும் வயலில்.

திருத்தம் | 7 டிசம்பர், காலை 10:30

முந்தைய பதிலின் கடைசி வரி தவறு. டிசம்பரில் நிற்கும் மூன்று நிலை இவை: விதைத்த கோதுமை, கோதுமை அறுத்த வயல், வசந்தப் பயிர் அறுத்த வயல். மூன்றாவதுதான் வரும் வருடம் முழுக்க ஆறி, அடுத்த இலையுதிர் காலத்தில் கோதுமை ஏற்கும். ஆகவே சாய்ந்த முளை எங்கே இருக்கிறதோ, அடுத்த நவம்பரில் ஜூரி டிரெய்லர் அங்கேதான் வரும்.